848 பைட்: தண்ணீர் கேன் பட்டியல் மூன்று நாள் கெட்ட கதை

மடிப்பாக்கத்தில் தண்ணீர் கேன் போடும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். நாங்கள் ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு மாடி அறையில் நாலு பேராக மென்பொருள் வேலை செய்கிறோம். அவருக்குச் செய்து கொடுத்தது சின்ன வேலைதான். இரவு வரை வந்த ஆர்டர்களைத் திரட்டி, விடியற்காலை நாலரைக்கு ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக எழுதி, கடைக்கு மெயிலில் அனுப்ப வேண்டும். கடைப் பையன் அதை அச்சடித்துக் குட்டியானை ஓட்டுநரிடம் கொடுப்பான். ஐந்து மணிக்கு வண்டி கிளம்பிவிடும். மடிப்பாக்கம், புழுதிவாக்கம், உள்ளகரம், நங்கநல்லூர் என்று ஒரு சுற்று.

2024 ஏப்ரலில் இந்த ஃபைல் தொடர்ந்து மூன்று நாள், மூன்று விதமாகக் கெட்டது. முதல் நாள் ஃபைலே இல்லை. இரண்டாம் நாள் ஃபைல் இருந்தது, அதில் பெயரும் இல்லை முகவரியும் இல்லை. மூன்றாம் நாள் எல்லாம் இருந்தது, ஏழு வீடும் வரிசையும் தவிர. மூன்றாவது தவறு முழுக்க என்னுடையது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பின்னணி

நிரல் எழுதப்பட்டது 2019 கோடையில். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருடம் அது. அண்ணாச்சியின் நோட்டுப் புத்தகக் கணக்கு தாங்காமல் எங்களிடம் வந்தார். அவசரத்தில் இரண்டு நாளில் நோட் ஜேஎஸ்ஸில் (ஜாவாஸ்கிரிப்ட் நிரலைச் சர்வரில் ஓட்டும் மென்பொருள்) எழுதிக் கொடுத்தோம். அப்போது சர்வரில் இருந்தது நோட் 10.

ஒவ்வொரு ஆர்டரும் நாலு உறுப்புள்ள ஒரு அர்ரே, அதாவது வரிசைப் பட்டியல்: பெயர், முகவரி, கேன் எண்ணிக்கை, தொகை. அந்தச் சின்ன அர்ரேக்கள் எல்லாம் ஒரு பெரிய அர்ரேக்குள். அதை அப்படியே, ஃபைல் எழுதித் தரும் ரைட்ஃபைல் என்ற ஃபங்ஷனுக்குக் (நோட்டின் எஃப்எஸ் மாட்யூலில் இருப்பது) கொடுத்தோம், கால்பேக் வகையில்: வேலை முடிந்ததும் நாம் கொடுத்த ஒரு ஃபங்ஷனை அது அழைக்கும். வேறு எதுவும் செய்யவில்லை. ஃபைல் வந்தது. பெயர், காற்புள்ளி, முகவரி, காற்புள்ளி, 2, காற்புள்ளி, 80, காற்புள்ளி, அடுத்த பெயர் என்று ஒரே நீள வரியாக வந்தது. கடைக் கணினியில் ஒரு எக்செல் மேக்ரோ அதை நாலு நாலாகப் பிரித்துப் பட்டியலாக்கியது. அண்ணாச்சிக்குத் திருப்தி, எங்களுக்கும் திருப்தி.

அந்தக் காற்புள்ளியை யார் போட்டது? நாங்கள் போடவில்லை. நோட் 10-இல் ரைட்ஃபைலுக்கு ஸ்டிரிங்கோ (எழுத்துச் சரம்) பஃபரோ (பைட்டுகளின் தொகுப்பு) அல்லாத எதைக் கொடுத்தாலும் அது தானே ஸ்டிரிங்காக மாற்றிக்கொள்ளும். அர்ரேயை ஸ்டிரிங்காக மாற்றினால் ஜாவாஸ்கிரிப்ட் உறுப்புகளைக் காற்புள்ளியால் கோர்க்கும். உள்ளே இன்னொரு அர்ரே இருந்தால் அதையும் அதே மாதிரி கோர்க்கும். அதனால் எது வரி, எது வரிக்குள் இருக்கும் உறுப்பு என்ற வித்தியாசம் அங்கேயே அழிந்துவிடுகிறது. நல் (null, மதிப்பு இல்லை என்பதன் குறி) மதிப்பும் அன்டிஃபைன்ட் மதிப்பும் வெற்றிடமாகிவிடும். அர்ரேக்குப் பதில் சாதாரண ஆப்ஜெக்ட்டுகள் இருந்திருந்தால் முதல் நாளே விஷயம் வெளியே வந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் 'ஆப்ஜெக்ட் ஆப்ஜெக்ட்' என்று எழுதி நம்மைக் கேலி செய்யும். எங்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும் சீக்கிரமே வந்தது. சென்னை முகவரி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். "பழைய எண் 12, புதிய எண் 27" என்று ஒருவர் பதிவு செய்தார். முகவரிக்குள் ஒரு காற்புள்ளி. அவருக்குப் பின்னால் இருந்த அத்தனை பேருக்கும் எல்லாம் ஒரு கட்டம் தள்ளிப் போய்விட்டது. புதிய எண் 27 கேன் எண்ணிக்கைக் கட்டத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது. நாங்கள் என்ன செய்தோம்? ஆர்டர் படிவத்தில் காற்புள்ளி அடித்தால் சாய்கோடாக மாற்றும்படி ஒரு வரி சேர்த்தோம். ஓட்டை வாளிக்கு அடியில் தட்டு வைத்த கதை. ஐந்து வருடம் அந்தத் தட்டு நிரம்பவே இல்லை.

முதல் நாள்

நோட் 10-க்கான ஆதரவு 2021 ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. சர்வரை மாற்ற வேண்டிய வேலை ஒன்று வந்ததால், அப்படியே நோட் 20-க்குத் தாவினோம். பகலில் எல்லாம் ஓடியது. விடியற்காலை நாலரைக்கு ஓடவில்லை.

நோட் 14-லிருந்து ரைட்ஃபைல் இப்படித் தானாக ஸ்டிரிங்காக மாற்றிக்கொள்வதை நிறுத்திவிட்டது. அர்ரே கொடுத்தால் "டேட்டா ஸ்டிரிங்காகவோ பஃபராகவோ இருக்க வேண்டும், வந்திருப்பது அர்ரே" என்ற பொருளில் ஒரு டைப்எரர், அதாவது தரவு வகைப் பிழை. இது நல்ல மாற்றம், எனக்கு அதில் வருத்தமே இல்லை. வருத்தம் வேறு. ஃபைல் எழுதுவதில் பிழை வந்தால் எனக்கு எஸ்எம்எஸ் வரும்படி கால்பேக்குக்குள் எழுதி வைத்திருந்தோம். இந்தப் பிழையோ கால்பேக் வரை போவதே இல்லை. கொடுத்த மதிப்பே தவறு என்பதால், எழுதத் தொடங்கும் முன்பே அழைத்த இடத்தில் வெடிக்கிறது. சுற்றி, பிழையைப் பிடிக்கும் டிரை-கேட்ச் இல்லை. புராசஸ் விழுந்தது, எஸ்எம்எஸ் வரவில்லை, ஐந்தே காலுக்கு அண்ணாச்சியின் போன்தான் வந்தது. முந்தின நாள் பட்டியலை வைத்து ஓட்டுநர் ஒரு மாதிரி சமாளித்துவிட்டார்.

இரண்டாம் நாள்

எங்கள் ஜூனியர், கல்லூரி முடித்து எட்டு மாதம் ஆன பெண், பகலில் இதைக் கையில் எடுத்தாள். "அண்ணா, கால்பேக் எல்லாம் பழசு. பிராமிஸ் வகைக்கு மாத்திட்டேன். எரர் போயிடுச்சு" என்றாள். (பிராமிஸ் வகை என்றால் கால்பேக் கொடுக்காமல், வேலை முடியும் வரை அவெய்ட் போட்டுக் காத்திருக்கலாம்.) நானும் ஓட்டிப் பார்த்தேன். எரர் இல்லை, ஃபைல் உருவாகியிருந்தது. திறந்து பார்க்கவில்லை. இந்த ஆய்வில் திரும்பத் திரும்ப நான் வந்து நிற்பது இந்த இடத்தில்தான்: திறந்து பார்க்கவில்லை.

மறுநாள் விடியலில் அண்ணாச்சி. "தம்பி, என்ன இது, ஒரே பிராக்கெட்டா அடிச்சு வச்சிருக்கீங்க? நடுவுல பி, எக்ஸ்னு வேற வருது. யாருக்குப்பா இது லிஸ்ட்டு?"

வாட்ஸப்பில் படம் அனுப்பினார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. திறந்த அடைப்புக்குறிகள், ஆங்கிலப் பெரிய 'பி', சின்ன 'எக்ஸ்', இடையிடையே வெற்றிடமும் புரியாத கட்டங்களும். ஃபைலை என் திரையில் திறந்தபோது மூன்று இடத்தில் மட்டும் வரி முறிந்து கீழே இறங்கியிருந்தது. வைரஸ் என்று அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். என்கோடிங் (எழுத்துகளைப் பைட்டாக்கும் முறை) தகராறு என்று நான் முடிவு கட்டினேன். தமிழ்ப் பெயர்கள் இருக்கிற ஃபைல் ஆயிற்றே. அரைமணி நேரம் யூடிஎஃப்-8 என்ற என்கோடிங்கின் பின்னால் ஓடினேன். அதுவும் வீண்.

துப்பு கிடைத்தது ஃபைலின் அளவில். சாதாரணமாக 25 கேபி பக்கம் இருக்க வேண்டியது, 848 பைட்தான் இருந்தது. அன்றைய ஆர்டர்கள் 212. நாலால் பெருக்கினால் 848. ஆர்டருக்குச் சரியாக நாலு பைட், ஒவ்வொரு ஆர்டரிலும் நாலு உறுப்பு. ஒவ்வொரு பைட்டையும் பதினாறடிமான எண்ணாகக் காட்டும் ஹெக்ஸ் டம்ப் எடுத்துப் பார்த்தேன்:

00 00 02 50
00 00 01 28
00 00 03 78

பதினாறடிமானத்தில் 50 என்பது நம் கணக்கில் 80. 28 என்பது 40. 78 என்பது 120. கேன் ஒன்று 40 ரூபாய். இரண்டு கேன் 80, ஒரு கேன் 40, மூன்று கேன் 120. எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் 40-ஆம் இடத்தில் திறந்த அடைப்புக்குறி, 80-இல் பெரிய 'பி', 120-இல் சின்ன 'எக்ஸ்'. ஒரு கேன் வாங்கியவர் அடைப்புக்குறி ஆகியிருந்தார், இரண்டு கேன் வாங்கியவர் 'பி'. அப்புறம் அந்த மூன்று வரிமுறிவு? ஆஸ்கியில் 10 என்றால் வரிமுறிவு. அன்று பத்துக் கேன் கேட்டவை மூன்று அடுக்குமாடிக் குடியிருப்புகள். எண்ணிப் பார்த்து, நாற்காலியில் சாய்ந்து சிரித்தேன். காலை ஆறு மணிக்கு, அண்ணாச்சி இன்னும் லைனில் இருக்கும்போது, அது சரியான காரியம் இல்லை.

இது எப்படி நடந்தது? கால்பேக் வகையும் பிராமிஸ் வகையும் ஒரே பெயர் கொண்டவை, ஆனால் நடத்தை ஒன்றில்லை. பிராமிஸ் வகை ரைட்ஃபைல், 15.14 பதிப்பிலிருந்து (14.18-க்கும் அது பின்னால் கொண்டுவரப்பட்டது) இட்டரபிள் (உறுப்பு உறுப்பாக எடுக்கக்கூடியது) எதையும் வாங்கிக்கொள்ளும். துண்டு துண்டாக வரும் தரவை வந்த வரிசையில் எழுத அது வசதி. ஆனால் அர்ரேயும் ஒரு இட்டரபிள்தான். அதனால் அது புகார் சொல்லாமல் உறுப்பு உறுப்பாக எடுத்து, ஒவ்வொன்றையும் பஃபராக்கி எழுதுகிறது. உறுப்பு ஸ்டிரிங்காக இருந்தால் எல்லாம் இடைவெளியே இல்லாமல் ஒட்டி வரும். எண்ணாக இருந்தால் டைப்எரர். இன்னொரு அர்ரேயாக இருந்தால்தான் வேடிக்கை. பஃபரிடம் அர்ரே கொடுத்தால், அது பைட் மதிப்புகளின் பட்டியல் என்று எடுத்துக்கொள்ளும். பெயரும் முகவரியும் எண்ணாக மாறாதவை, ஆகவே 0. எண்ணிக்கையும் தொகையும் அப்படியே பைட். 255-ஐத் தாண்டினால் 256 கழிந்து மீதி நிற்கும், பத்துக் கேனுக்கான 400 ரூபாய் 144 ஆனது போல.

ஆக, முதல் நாள் எங்களைக் காப்பாற்றிய டைப்எரரைத்தான் நாங்கள் இரண்டாம் நாள் "சரிசெய்து" விரட்டினோம். ஜூனியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆவணத்தை வரி வரியாகப் படித்தவர் தவிர வேறு யாரும் இந்த இரண்டுக்கும் நடுவில் இப்படி ஒரு வித்தியாசத்தை எதிர்பார்க்க மாட்டார்கள். தரவு வகைகளை முன்கூட்டியே சோதிக்கும் டைப்ஸ்கிரிப்ட் இருந்திருந்தால் எங்கள் அர்ரேக்குள் அர்ரேயைப் பிடித்திருக்கும். ஆனால் வெறும் ஸ்டிரிங் அர்ரேயை அதுவும் விட்டிருக்கும், ஒட்டிப்போன ஃபைல்தான் கிடைத்திருக்கும்.

அர்ரேக்கு என்று சொந்தமாக ஒரு எழுத்துவடிவம் கிடையாது. எங்கே காற்புள்ளி, எங்கே வரிமுறிவு என்று நாம் சொல்லாவிட்டால் நோட் தன் இஷ்டத்துக்கு ஒன்றை வைத்துக்கொள்ளும். அந்த இஷ்டமும் பதிப்புக்குப் பதிப்பு, வகைக்கு வகை மாறும். 2019-இல் காற்புள்ளி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். அதைத் திட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள்

இவ்வளவு தெரிந்த பிறகு மூன்றாம் நாள் கெட்டிருக்கவே கூடாது. கெட்டது, ஏனென்றால் நான் கை வைத்தேன்.

மேக்ரோவை ஓரம் கட்டிவிட்டு நேராகவே படிக்கிற மாதிரி பட்டியல் தரலாம் என்று நினைத்தேன். தெருவின் பெயர் தலைப்பாக ஒரு வரி, அதன் கீழே வீடுகள். யாரும் கேட்கவில்லை, சும்மா இருக்க முடியவில்லை. அர்ரேயின் ஒவ்வொரு உறுப்புக்கும் ஓடும் ஃபார்ஈச் சுழற்சி போட்டு, உள்ளே அசிங்க் ஃபங்ஷன் (அவெய்ட் போட அனுமதிப்பது), அதற்குள் ஒவ்வொரு வரிக்கும் அவெய்ட் அப்பெண்ட்ஃபைல் (ஃபைலின் கடைசியில் சேர்ப்பது). சுழற்சி முடிந்ததும் ஃபைலைப் படித்து மெயில் அனுப்பு. பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது, இல்லையா?

ஃபார்ஈச் யாருக்காகவும் காத்திருக்காது. உள்ளே இருக்கும் அவெய்ட் அந்தந்த ஃபங்ஷனை மட்டும்தான் நிறுத்தும். வெளியே 212 வீடுகளுக்கும் அத்தனை தெருத் தலைப்புகளுக்குமான எழுத்து வேலைகள் ஒரே நொடியில் வரிசையில் போய் நிற்கும். ஃபைல் வேலைகளைச் செய்வது, நோட்டுக்கு அடியில் இருக்கும் லிப்யூவி நூலகத்தின் திரெட் பூல், அதாவது ஒரே நேரத்தில் வேலை செய்யும் இழைகளின் கூட்டம்; இயல்பாக அதில் நாலு திரெட். டோல்கேட்டில் நாலு கவுன்டர் திறந்தால் முன்னால் வந்த வண்டிதான் முன்னால் வெளியேறும் என்று என்ன நிச்சயம்? அடுத்தடுத்த வரிகள் இடம் மாறின. சாதாரணப் பட்டியலில் அது பெரிய விஷயமில்லை. எங்கள் பட்டியலில் தெருத் தலைப்பு ஒரு வரி கீழே நழுவினால், அந்தத் தெருவின் முதல் வீடு முந்தின தெருவில் போய் விழும். புழுதிவாக்கத்து வீட்டுக்கு உள்ளகரத்தில் கதவு தேடினார் ஓட்டுநர். "சார், அந்த நம்பர் அந்தத் தெருவுலயே இல்ல சார்" என்று அவர் போன் செய்தபோது ஏழரை மணி.

எல்லாம் எழுதி முடியும் முன்பே மெயிலுக்காக ஃபைலைப் படித்துவிட்டதால், கடைசி ஏழு வீடுகள் அச்சில் வரவில்லை. சர்வரில் போய்ப் பார்த்தால் அந்த ஏழும் இருக்கின்றன. அதனால் முதலில் நான் கடைப் பையன் கடைசித் தாளைத் தொலைத்துவிட்டான் என்று சொன்னேன். அவனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டேன்.

நான் ரைட்ஃபைலையே அப்படிச் சுழற்சியில் அழைத்திருந்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு அழைப்பும் ஃபைலைக் காலி செய்துவிட்டுத் தொடங்கும். முந்தினது முடியும் முன் அதே ஃபைலுக்கு மறுபடி அழைப்பது பாதுகாப்பில்லை என்று நோட் ஆவணமே சொல்கிறது. ஆர்டர்கள் ஆயிரக்கணக்கில் இருந்திருந்தால் அப்பெண்ட்ஃபைலும் வேறு விதமாகச் செத்திருக்கலாம். லினக்ஸ் சர்வரில் ஒரு புராசஸ் ஒரே நேரத்தில் திறந்து வைக்கக்கூடிய ஃபைல்களுக்கு ஒரு வரம்பு உண்டு.

திருத்தம்

கடைசியில் வைத்த நிரல் எல்லாவற்றையும்விடச் சின்னது. ஒவ்வொரு ஆர்டரையும் மேப் கொண்டு ஒரே ஸ்டிரிங் வரியாக மாற்றுகிறோம். உறுப்புகளுக்கு நடுவில் டேப், ஏனென்றால் சென்னை முகவரியில் காற்புள்ளி வரும், டேப் வராது. யாராவது எங்கிருந்தாவது ஒட்டிவிட்டால் என்ன செய்வது என்று உறுப்புக்குள் இருக்கும் டேப்பையும் வரிமுறிவையும் முதலிலேயே வெற்றிடமாக்கிவிடுகிறோம். பிறகு எல்லா வரிகளையும் வரிமுறிவு கொடுத்து ஜாயின் செய்கிறோம். கடைசி வரிக்குப் பின்னும் ஒரு வரிமுறிவு. இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு ஸ்டிரிங். அதை ஒரே ஒரு அவெய்ட் ரைட்ஃபைல். அது முடிந்த பிறகே மெயில்.

வரிமுறிவு என்றேனே, அதில் ஒரு சிக்கல். சர்வர் லினக்ஸ். அண்ணாச்சி கடையில் இருப்பது விண்டோஸ் 7, அதன் நோட்பேடுக்கு லினக்ஸ் வரிமுறிவு புரியாது. எல்லாம் ஒரே வரியாக ஒட்டிக்கொள்ளும். (மைக்ரோசாஃப்ட் இதை விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பில்தான் சரி செய்தது.) நோட் தருகிற இயங்குதள வரிமுறிவு மாறிலியைப் பயன்படுத்தினால் சர்வரின் வரிமுறிவுதான் வரும், படிப்பவருடையது வராது. ஆகவே கேரேஜ் ரிட்டர்னும் லைன்ஃபீடும் சேர்த்து நாங்களே எழுதினோம். எக்செலில் திறந்தாலும் தமிழ் சிதையாமல் இருக்க ஃபைலின் தொடக்கத்தில், இது யூடிஎஃப்-8 என்று அடையாளம் சொல்லும் பாம் (BOM) குறி.

முதலில் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்ததும் ரீநேம் செய்கிறோம். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் ரீநேம் பாதியில் நிற்காது. பழையது இருக்கும் அல்லது முழுப் புதியது இருக்கும். மெயில் போகும் முன் ஃபைலைத் திரும்பப் படித்து வரிகளை எண்ணி, ஆர்டர் எண்ணிக்கையுடன் ஒப்பிடுகிறோம். பொருந்தாவிட்டால் மெயில் போகாது, எனக்குப் போன் அடிக்கும். மொத்தமும் டிரை-கேட்ச்சுக்குள் இருக்கிறது.

சோதனைக்கு மூன்றே மூன்று ஆர்டர் கொண்ட ஒரு அர்ரே எழுதினாள் ஜூனியர். ஒன்றில் "பழைய எண் 12, புதிய எண் 27", ஒன்றில் நல், ஒன்றில் பத்துக் கேன். எழுதி, படித்து, பைட் பைட்டாக ஒப்பிடும். அந்தப் பத்துக் கேன் ஏன் என்று புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டால் அவள்தான் கதை சொல்வாள்.

ஜேசானாக (நிரல்கள் தரவைப் பரிமாறும் எழுத்துவடிவம்) எழுதியிருக்கலாமே என்று கேட்பீர்கள். படிப்பது இன்னொரு நிரல் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்வேன். உள் அர்ரே உள் அர்ரேயாகவே இருக்கும், காற்புள்ளித் தொல்லையும் இல்லை. இங்கே படிப்பது குட்டியானை ஓட்டுநர், அதுவும் டேஷ்போர்டு வெளிச்சத்தில்.

தரவைத் துண்டு துண்டாக எழுதும் ஸ்ட்ரீம் வேண்டுமா என்றும் யோசித்தோம். தினப் பட்டியலுக்குத் தேவையில்லை, 25 கேபிக்கு லாரி வைப்பது போல ஆகும். ஐந்து வருட ஆர்டர் மொத்தத்தையும் ஆடிட்டருக்குக் கொடுக்க வேண்டி வந்தபோது மட்டும் கிரியேட்ரைட்ஸ்ட்ரீம் பயன்படுத்தினோம். நாள் ஒன்றுக்கு 212 என்றே வைத்தாலும் நாலு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான வரிகள். ஜாயினாலும் முடிந்திருக்கும், நோட்டின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8-இல் ஒரு ஸ்டிரிங் சுமார் 53 கோடி எழுத்து வரை போகலாம். ஆனால் எங்கள் வாடகைச் சர்வரின் நினைவகம் சின்னது. ஸ்ட்ரீமில் கவனிக்க வேண்டியது, ரைட் அழைப்பு ஃபால்ஸ் என்று திருப்பினால் தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள். டிரெயின் நிகழ்வு வரும் வரை ஊற்றக் கூடாது. இதைக் கையால் செய்வதைவிட, வரிகளை ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரை ரீடபிளாக்கி (படிக்கும் ஸ்ட்ரீமாக்கி) பைப்லைனில் விட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். எல்லாம் முடிந்தது என்று தெரியும் முன் புராசஸ் எக்ஸிட்டை அழைத்தால் மட்டும் வால் பகுதி தொலைந்துபோகும்.

இதைத் தேடும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. சர்வர் கடிகாரம் யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம் நாலரை மணி அதற்கு முந்தின நாள் 23:00. அதனால் ஃபைல் பெயரில் ஐந்து வருடமாக நேற்றைய தேதிதான் இருந்திருக்கிறது. அண்ணாச்சியிடம் சொன்னேன். "அது எனக்குத் தெரியும் தம்பி. நேத்து வந்த ஆர்டர்தானே, நேத்து தேதின்னு நெனச்சேன்" என்றார். தேதியை மாற்றவில்லை. படிவத்தில் காற்புள்ளியைச் சாய்கோடாக்கும் அந்த 2019 வரியை மட்டும் நீக்கிவிட்டோம்.